பழைய கிளப்பில் அறை போடுமுன் தண்ணீருக்கு வழி பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வட ஆற்காட்டு ஊர்களில் வெள்ளையர் காலத்துக் கிளப்புகள், பங்களாக்கள், ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுகள் என்று சில கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. பாழடைந்து கிடக்கும் அவற்றைத் தங்கும் விடுதியாக மாற்றலாமே என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. நல்ல யோசனைதான். பூட்டிக் கிடக்கும் கட்டடத்தைவிட ஆள் புழங்கும் கட்டடம் அதிக நாள் நிற்கும். மச்சில், அதாவது மரத்தின்மேல் போட்ட பழைய மாடித் தளத்தில், ஒரு தட்டோடு (தட்டை ஓடு) பெயர்ந்தாலும் அன்றைக்கே யார் கண்ணிலாவது படும். சிக்கல் என்னவென்றால், ஐம்பது வருடப் பூட்டைத் தாங்கிய கட்டடத்தை இரண்டு வருடப் புதுப்பிப்பு படுக்க வைத்துவிடுகிறது. காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: இடம் தெரியாமல் வைத்த குளியலறையும், சுண்ணாம்புச் சுவர்மேல் பூசிய சிமென்டும். இவற்றைப் பற்றி விவரமாக எழுதவே இந்தக் கடிதம். நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒன்று. கிளப் என்பது வீடு அல்ல. வீட்டில் அறைகள் அதிகம், கூடம் ஒன்று. கிளப்பில் கூடங்கள்தான் அதிகம்: சீட்டாடும் கூடம், படிப்பறை, மது அருந்தும் அறை, சாப்பாட்டுக் கூடம், நடனத்துக்கு மரப்பலகைத் தரை போட்ட கூடம், பில்லியர்ட்ஸ் அறை. வெளியூர் உறுப்பினர் தங்க நாலைந்து அறைகள் ஓர் ஓரமாகத்தான் இருக்கும். விடுதி நடத்த வருபவர் கணக்குப் போடும்போது இந்தக் கூடங்கள் எல்லாம் வீண் இடமாகத் தெரியும். ‘இருபதுக்கு முப்பது கூடத்தில் நாலு அறை எடுக்கலாமே’ என்பார். எடுக்கலாம், நாலரை அங்குலச் சுவர் எழுப்பினால் போதும். ஆனால் மேலே பதினாறு அடி உயரத்தில் இருக்கும் விட்டங்கள், எதிரெதிர்ச் சுவர்களில் காற்றுக்காக வைத்த ஜன்னல்கள், உச்சியில் கயிறு இழுத்துத் திறக்கும் வெண்டிலேட்டர்கள் எல்லாம் நாலாகத் துண்டாகி ஒன்றுக்கும் உதவாமல் போகும். கிடைப்பது, லாட்ஜில் இருக்கும் அதே புழுக்கமான அறை, கொஞ்சம் உயரமாக.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்தார்கள் என்பதற்குச் சிகாகோ அத்லெடிக் அசோசியேஷன் கட்டடத்தைச் சொல்லலாம். கட்டடக் கலைஞர் ஹென்றி ஐவ்ஸ் காப் வரைந்து கொடுத்து 1893-இல் எழுந்த கிளப் அது. விவேகானந்தர் பேசிய சர்வ சமய மாநாடு நடந்த ஆர்ட் இன்ஸ்டிட்யூட் கட்டடமும் அதே மிச்சிகன் அவென்யூவில்தான் இருக்கிறது. அதே 1893, நடந்து போகும் தூரம். கிளப் மூடப்பட்ட பின் 2015-இல் 241 அறைகள் கொண்ட ஹோட்டலாகத் திறந்தார்கள். பெரிய கூடங்களை அறைகளாக வெட்டவில்லை. உட்காரும் கூடம் உட்காரும் கூடமாகவே இருக்கிறது, விளையாட்டுக் கூடத்தில் இன்றும் விளையாட்டு நடக்கிறது, நீச்சல் குளம் இருந்த இடம் விழாக் கூடமாகியிருக்கிறது. நம் பக்கம் எதிர் உதாரணம் வேண்டுமானால் சென்னைக்குப் போக வேண்டும். மவுண்ட் ரோட்டில் இருந்த பழைய மெட்ராஸ் கிளப் கட்டடம் கைமாறி, கவனிப்பாரற்றுக் கிடந்து, கடைசியில் அங்கே வணிக வளாகம் வந்துவிட்டது.

அப்படியானால் அறைகளை எங்கே வைப்பது? பெரும்பாலான கிளப் வளாகங்களில் பின்பக்கம் குதிரை லாயம், வேலையாட்கள் வரிசை வீடு, தனியே தள்ளிக் கட்டிய சமையற்கட்டு ஆகியவை இருக்கும். தரையோடு தரையாக, மேல்மாடி இல்லாமல் இருப்பதால் கழிவுக் குழாயைப் பள்ளம் தோண்டி இறக்கலாம். குளியலறையோடு கூடிய படுக்கையறைக்கு இவைதான் இடம். போதாவிட்டால் பின்னால் புதுக் கட்டு ஒன்று கட்டலாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பாரம்பரிய ஹோட்டல் தகுதிக்கு 1950-க்கு முன் கட்டியதாகவும் குறைந்தது 5 அறைகள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். புதிதாகச் சேர்க்கும் பரப்பு, பழையதும் புதியதும் சேர்ந்த மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பாதி என்பது தாராளமான அளவு. பழைய கட்டடத்துக்குள் வரவேற்பு, சாப்பாடு, படிப்பறை, பழைய உறுப்பினர் அறைகள் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியைப் பின்கட்டுக்குத் தள்ள அது போதும்.

பில்லியர்ட்ஸ் மேசை மிச்சம் இருந்தால் நகர்த்த வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். முழு அளவு மேசை பன்னிரண்டுக்கு ஆறு அடி. துணிக்கு அடியில் ஐந்து துண்டாகக் கற்பலகை இருக்கும், மொத்த எடை ஒரு டன்னுக்கு மேல். பத்து பேர் சேர்ந்து தூக்கினால் பலகை இணைப்பு விட்டுப்போகும். பிறகு பந்து நேராக ஓடாது, மேசை வெறும் காட்சிப் பொருளாகிவிடும்.

இனி மச்சு. பழைய கட்டடங்களில் மேலே இருப்பது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் குறுக்கே சரங்கள் எனும் சிறு மரச் சட்டங்கள் ஓடும். அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் தோய்த்து, நிறுத்தி வைத்த வாக்கில், மூலைவாட்டமாக அடுக்கியிருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தை மூன்று நான்கு அங்குலம் போட்டு, மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டி இறுக்கியிருப்பார்கள். தட்டும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். அதற்கும் மேலே தட்டோடு. இதில் இரும்பு இல்லை, கான்கிரீட் இல்லை. பாரம் முழுவதும் மரத்துக்கும், மரத்தின் நுனி உட்கார்ந்திருக்கும் சுவருக்கும்தான் போகிறது.

இந்த மச்சையே தரையாகக் கொண்ட மாடி அறையில் குளியலறை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்துக்கு எட்டு அடி. கழிவுக் குழாய்க்குச் சரிவு வேண்டுமே என்று ஒன்பது அங்குலத்துக்குச் செங்கல் உடைசல் கொட்டித் தரையை உயர்த்துவார்கள். அது மட்டும் சுமார் 1.4 டன். இரண்டு பக்கம் நாலரை அங்குலச் செங்கல் சுவரை எட்டடி உயரத்துக்கு எழுப்பினால் இன்னொரு 2 டன்னுக்கு மேல். ஒரு வாளித் தண்ணீர் விழுமுன்பே மூன்றரை டன். படுக்கையறைத் தரை தாங்க வேண்டிய பயன்பாட்டு எடை சதுர மீட்டருக்கு 200 கிலோ என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. அந்தக் குளியலறைப் பரப்புக்கு அது ஏறக்குறைய 740 கிலோதான் ஆகிறது. மரம் உடனே முறியாது, அதுதான் ஆபத்து. மெதுவாகத் தொய்யும். தொய்ந்தால் பதித்த டைல்ஸ் இடுக்கில் மயிரிழை வெடிப்பு விழும். வெடிப்பில் சோப்புத் தண்ணீர் இறங்கும். அடுத்த மழைக்காலத்துக்குள் கீழ் அறைக் கூரையில் பழுப்பு வட்டம் தெரியும். விடுதிக்காரர் அதன்மேல் வெள்ளையடிப்பார். உள்ளே உத்திரம் உளுத்துக்கொண்டிருக்கும்.

மாடியில் குளியலறை வைத்தே ஆகவேண்டும் என்றால் வழி உண்டு. தரையை உயர்த்தவே வேண்டாம். சுவரில் தொங்கும், பின்பக்கமாகக் கழிவு போகும் கழிப்பறைப் பீங்கானைப் போட்டு, குழாயை வெளிச்சுவர் வழியாக நேரே வெளியே எடுத்துவிடலாம். தடுப்புக்குச் செங்கல் வேண்டாம், இரும்புச் சட்டத்தில் சிமென்ட் பலகை போதும். அதையும் கூரை வரை கொண்டுபோகாமல் எட்டடியில் நிறுத்தினால் அறையின் உயரமும் கெடாது, ஈரக் காற்றும் மேலே போய் வெண்டிலேட்டர் வழியாக வெளியேறும். குளியல் தொட்டி கூடாது. தரையில் நீர்த்தடுப்பு பூசி, சுவரில் ஓரடி ஏற்றி, டைல்ஸ் போடுமுன் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் நிறுத்திக் கீழே பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். குழாய் எதையும் சுவருக்குள் புதைக்காமல் வெளியே தெரியும்படி ஓட்டுங்கள். அழகு குறையும், ஆனால் கசிவு அன்றைக்கே தெரியும்.

தண்ணீர்த் தொட்டியை மச்சின்மேல் வைப்பது பற்றிப் பேசவே கூடாது. ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன், ஒரே இடத்தில், இரவும் பகலும். கட்டடத்தை ஒட்டாமல், தனி அஸ்திவாரத்தில் இரும்புத் தாங்கி எழுப்பி அதன்மேல் வையுங்கள்.

மச்சு ஒழுகினால் மேலே இரண்டு அங்குலம் சிமென்ட் தளம் போட்டுவிடுவது இன்னொரு வழக்கம். இருபதுக்கு முப்பது அடிக் கூடத்துக்கு அது ஆறு டன்னுக்கு மேல் கூடுதல் பாரம். அதோடு, சித்திரை வெயிலில் சிமென்டும் சுண்ணாம்பும் ஒரே அளவில் விரிவதில்லை. இரண்டே கோடையில் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பில் போன தண்ணீர் அடியில் மாட்டிக்கொண்டு, ஆவியாக வெளியே வர வழியின்றி, மரத்தைத்தான் தேடிப் போகும். உண்மையில் மெட்ராஸ் டெரஸ் நடுவில் ஒழுகுவது குறைவு. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்த் தூம்பின் வாய், இந்த இரண்டு இடத்தில்தான் பெரும்பாலும் ஒழுகும். அரசங்கன்று முளைப்பதும் அங்கேதான். கன்றைப் பிடுங்கினால் வேரோடு காரையும் பெயரும். அடியோடு அறுத்து, வெட்டுவாயில் களைக்கொல்லியைத் தடவி, வேர் செத்த பிறகே அந்த இடத்தைத் திறந்து காரை வைத்து மூடவேண்டும். தட்டோட்டைக் கோலால் தட்டிப் பாருங்கள், பொள்ளென்று கேட்கும் இடத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் போதும். தமிழ்நாடு பொதுப்பணித் துறையின் பழகிய கலவை 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு சுண்ணாம்பு. ஜல்லி 20 மில்லிமீட்டர் அளவு, நன்றாக வெந்த செங்கல்லில் உடைத்தது. போடுமுன் ஜல்லியைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், இல்லையென்றால் அது சுண்ணாம்பின் ஈரத்தை உறிஞ்சிவிடும். தட்டுகிற கட்டை தளத்தில் பதியாமல் எகிறும்வரை தட்ட வேண்டும். வாட்டம் நாற்பது அடிக்கு ஓரடியாவது இருக்கட்டும்.

உத்திரம் நடுவில் கெடுவதில்லை, சுவருக்குள் புதைந்திருக்கும் நுனியில்தான் கெடும். மெல்லிய திருப்புளியை நுனியருகே அழுத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் அந்த நுனியைச் சுற்றிக் காரையைத் திறந்து பார்த்தே தீரவேண்டும். அடியில் முட்டுக் கொடுத்து, கெட்ட பகுதியை அறுத்து, பழைய தேக்கையே சாய்வெட்டில் சேர்த்து, இருபுறமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் போடலாம். நல்ல தச்சர் கிடைத்தால் முழு உத்திரத்தையும் மாற்ற வேண்டியிராது. திரும்பச் சுவரில் வைக்கும்போது நுனியைச் சுற்றி ஓர் அங்குலமாவது காற்றுக்கு இடம் விடுங்கள். சிமென்டைக் குழைத்து இறுக அடைப்பதுதான் இன்றைக்கு நடக்கிறது. அடைத்த நுனி மறுபடி உளுக்கும்.

இப்போது சுவர். சுண்ணாம்புக் காரையில் கட்டி, சுண்ணாம்பு பூசிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அதே வேகத்தில் வெளியே விட்டும்விடும். அந்தக் காலத்துக் கட்டடங்களில் ஈரத்தடுப்புப் படலம் இல்லாமலேயே சமாளித்தது இப்படித்தான். ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்) தெரிகிறது என்று நாலடிக்குச் சிமென்ட் பூசினால் ஈரம் அந்த நாலடிக்குப் பின்னால் வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறும். சிமென்ட் முடியும் கோட்டுக்கு மேலே சுவர் உப்பரிக்கும். அதைப் பார்த்து ஆறடிக்குச் சிமென்ட் பூசுவார்கள். ஓதம் ஏழடிக்குப் போகும். கடைசியில் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்து மூடுவார்கள், அது கொப்புளித்துத் தோல் தோலாக உரியும். வேலூரில் பழைய வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர் இருக்க முடியாது.

சரிசெய்ய வெளியிலிருந்து தொடங்க வேண்டும். சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதால் நம் ஊர்ப் பழைய கட்டடங்கள் பல தெரு மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. சுற்றிலும் போட்ட சிமென்ட் தளத்தைச் சுவரிலிருந்து இரண்டடிக்குப் பெயர்த்தெடுத்து, அந்த இடத்தில் ஜல்லி நிரப்பிய ஓடை வையுங்கள், தண்ணீர் வடிய வாட்டத்தோடு. உள்ளே கடப்பைக் கல் தரை இருந்தால் அப்படியே விடுங்கள். கல் இடுக்குச் சுண்ணாம்பு வழியாகத் தரையின் ஈரம் வெளியேறுகிறது. மேலே பளபளப்பு டைல்ஸ் ஒட்டினால் அந்த ஈரமும் சுவருக்குத்தான் போகும். வேலூர்க் கோட்டையைச் சுற்றியுள்ள கட்டடங்களுக்கு இது இன்னும் முக்கியம். 2021 நவம்பர் மழையில் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் வந்து நின்றதை ஊரே பார்த்தது. அகழி நிரம்பிய வருடத்தில் அக்கம்பக்கத்து அஸ்திவாரம் உலர்ந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பிறகு சிமென்ட் பூச்சை ஓதக் கோட்டுக்கு ஓரடி மேல்வரை கொத்தி எடுங்கள். டிரில் இயந்திரத்தின் அடி கூடாது, கைச் சுத்தியும் உளியும் போதும், இல்லையேல் செங்கல்லின் முகமும் சேர்ந்து பெயரும். சுவரை அப்படியே வெறுமையாக ஒரு முழுக் கோடைக்கு விடுங்கள். வெளியே வரும் உப்பை உலர்ந்த தூரிகையால் தள்ளி அள்ளிக் கொட்டுங்கள். கழுவாதீர்கள், கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். விடுதிக்காரருக்கு இந்தக் காத்திருப்புதான் கசக்கும். ‘பொங்கலுக்குத் திறப்பு விழா’ என்று அழைப்பிதழ் அடித்துவிட்டு மார்கழியில் கொத்தனாரைத் தேடினால் சிமென்ட்தான் கிடைக்கும்.

சுண்ணாம்பைப் பையில் வாங்கி அன்றைக்கே குழைக்கக் கூடாது. சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் நீற்றி, சல்லடையில் வடித்து, மேலே எப்போதும் தண்ணீர் நிற்கும்படி குறைந்தது மூன்று வாரம் ஊறவிட வேண்டும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் கிட்டே நிற்க வேண்டாம். சரியாக நீறாத துணுக்கு பூச்சில் மாட்டினால் ஆறு மாதம் கழித்தும் பூத்து வெடித்து, சுவர் முழுக்க அம்மைத் தழும்பாகிவிடும். அடிப்பூச்சுக்கு ஒன்றுக்கு மூன்று மணல். ஒரு பூச்சு 10 முதல் 12 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். கனமாகப் பூசினால் மேல்தோல் இறுகி உள்ளே பச்சையாக நிற்கும், பிறகு பாளமாகக் கழன்றுவிடும். ஒன்று இறுகிய பின்னரே அடுத்தது. சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு இரண்டு வாரமாவது ஈரம் காக்க வேண்டும். சுண்ணாம்பு உலர்வதால் இறுகுவதில்லை, காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துக்கொண்டு கல்லாகிறது. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும், மாதங்களும் வேண்டும். கத்திரி வெயிலில் பூசினால் ஈரம் அரை நாளில் போய்விடும், விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். தை, மாசிதான் பூச்சுக்கு ஏற்ற காலம். கடுக்காய், வெல்லம் எவ்வளவு என்பதில் கொத்தனாருக்குக் கொத்தனார் கணக்கு வேறு. யார் கணக்கானாலும் வெல்லம் அதிகமானால் எறும்பும் பூஞ்சையும் வரும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம். மேலே பூச, நீர்க்கச் சுண்ணாம்பு மூன்று கை. வேறெந்த வண்ணமும் வேண்டாம்.

தண்ணீரும் மணலும் நம் வட்டாரத்துக்கே உரிய தலைவலி. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் பகுதிகளில் நிலத்தடி நீர் எப்படிக் கெட்டது என்பது உச்ச நீதிமன்றம்வரை போய் 1996-இல் தீர்ப்பான கதை. அந்த உப்புத் தண்ணீரில் காரை குழைத்தால் ஓதம் ஏறாமலேயே சுவர் உப்பரிக்கும், ஏனென்றால் உப்பை நாமே உள்ளே வைத்துப் பூசியிருக்கிறோம். குழைக்கவும் நனைக்கவும் காவிரிக் கூட்டுக் குடிநீரையோ மழைநீரையோ சேர்த்துவைத்துப் பயன்படுத்துங்கள். செலவு கூடும்தான். பாலாற்று மணல் கிடைக்காத நாளில் எம்-சாண்டைப் பயன்படுத்தலாம், ஆனால் கழுவிப் பாறைத்தூளைப் போக்கிய பிறகே. தூள் மிகுந்தால் பூச்சு வலைவலையாக வெடிக்கும்.

மின்சாரம், ஏசி பற்றிச் சுருக்கமாக. சுவரைக் குறுக்குவாட்டில் கொத்தி ஒயர் புதைப்பது மோசம். நெடுக்குவாட்டுக் கொத்து சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், குறுக்குவாட்டுக் கொத்து ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது என்பது விதி. சுண்ணாம்புச் சுவரில் அந்த அளவுக்குக்கூடப் போகாமல் வெளியே குழாயில் ஓட்டிவிடுவதே எங்கள் விருப்பம். அறைக்கு ஓர் ஏசி, ஒரு கீசர் என்றால் சுமார் மூன்றரை கிலோவாட். பன்னிரண்டு அறைக்கு நாற்பதைத் தாண்டும், பழைய இணைப்பு அதைத் தாங்காது. பதினாறடி உயர அறைக்கு ஏசி வாங்கும்போது கடைக்காரர் முழுக் கன அளவையும் பெருக்கிப் பெரிய இயந்திரத்தைக் காட்டுவார். தேவையில்லை. ஏழெட்டு அடி உயரத்தில் மாட்டினால் குளிர்ந்த காற்று கீழே தங்கும், சூடு மேலே போய்விடும். பொய்க்கூரை போட்டு உயரத்தைக் குறைப்பதைத் தவிருங்கள், மேலே மரத்தில் கரையான் ஏறினாலும் தெரியாது. மின்விசிறித் தண்டை ஏழடிக்கு நீட்டி, இறகு தரையிலிருந்து எட்டொன்பது அடியில் இருக்கும்படி உத்திரத்தில் மாட்டுங்கள். மழைக்காலத்தில் ஒன்றரை டன் ஏசியிலிருந்து மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேலாகத் தண்ணீர் சொட்டும். பல இடங்களில் அந்தக் குழாய் முனை சுவரடியில் தொங்குகிறது. ஓதத்தைத் தீர்க்க லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு இதைக் கவனிக்காமல் விடுவதை என்னவென்று சொல்வது!

கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே எதையும் செய்ய வேண்டும். பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்கவும் முன்அனுமதி தேவை. மேலே சொன்ன ‘பின்கட்டில் புது அறைகள்’ யோசனை 100 மீட்டருக்குள் நடக்காது, அங்கே லாயத்தையும் வரிசை வீட்டையும் திருத்துவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தீயணைப்புத் துறை பார்ப்பது படிக்கட்டை. பழைய கிளப்பில் ஒற்றை மரப்படிதான் இருக்கும். அதை இடித்து கான்கிரீட் ஆக்காமல், பின்பக்கம் இரும்பில் இரண்டாவது படி ஒன்று வெளியே வைத்து, வராந்தா வழியாக எல்லா மாடி அறையும் அதை அடையும்படி செய்தால் மரப்படியும் பிழைக்கும், ஆட்களும் பிழைப்பார்கள்.

வேலூரில் தங்க வருகிறவர்கள் மற்ற ஊர்ச் சுற்றுலாக்காரர்களைப் போல அல்ல. ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வருபவர், பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்க்க வருபவர் ஒரு பக்கம். சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளம், அசாம், வங்கதேசம் என்று தொலைவிலிருந்து வந்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்குபவர் இன்னொரு பக்கம். இவர்களில் பலர் சொந்தமாகச் சமைத்துச் சாப்பிடுபவர்கள், அதனால்தான் காந்தி ரோடு லாட்ஜ்களில் அடுப்போடு அறை கேட்கிறார்கள். பழைய கட்டடத்தை இவர்களுக்காகத் திறந்தால் அறைக்கு அறை அடுப்பு வைப்பது சரிப்படாது. கடுகெண்ணெய்ப் புகையும் சோற்றுக் கஞ்சி ஆவியும் சுண்ணாம்புச் சுவரில் பிசுபிசுப்பாகப் படிந்தால் சுவர் ஈரத்தை விடாது, சிலிண்டரை மரக்கூரையின் கீழ் வைப்பது வேறு ஆபத்து. கிளப் கட்டியவர்கள் சமையற்கட்டைத் தள்ளிக் கட்டி, நடுவே கூரை போட்ட நடைபாதை விட்டது நெருப்புக்கும் நாற்றத்துக்கும் பயந்துதான். அதையே பத்து அடுப்பு மேடை கொண்ட பொதுச் சமையலறையாக்கி, பக்கத்தில் துணி துவைத்து உலர்த்த இடமும் கொடுங்கள். ஈரத் துணி மாடி வராந்தாவில் தொங்காது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவம் பதிய வேண்டும் என்பது விடுதிக்காரர்களுக்குத் தெரிந்ததுதான்.

இப்படிப்பட்ட ஹோட்டல்களில், நம் ஊரிலோ வேறு ஊரிலோ, தங்கப் போகிற வாசகர்களுக்கும் சில சொல்ல வேண்டும். விளம்பரப் படத்தில் தூண் வைத்த முகப்பு இருக்கும், கொடுக்கும் அறை பின்னால் புதுக் கட்டில் இருக்கும். முன்பதிவின்போதே ‘பழைய கட்டா, புதுக் கட்டா’ என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புதுக் கட்டு என்றால் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். குளியலறை நன்றாக இருப்பதும், தூக்கம் வருவதும் அங்கேதான். பழைய கட்டின் சுகம் பகலில் கூடத்திலும் வராந்தாவிலும் கிடைத்துவிடும். பழைய கட்டிலேயே தூங்க விரும்பினால் வெயில் காலத்தில் மேற்குப் பார்த்த மாடி அறையைத் தவிருங்கள். கனத்த மச்சு பகலில் வாங்கிய சூட்டை இரவில்தான் இறக்கும், நள்ளிரவுவரை கூரை அனலடிக்கும். கீழ்த்தளம், வடக்கு அல்லது கிழக்குப் பக்கம் நல்லது. மாடியில் மரத்தரை என்றால் மேலே நடப்பவர் காலடி கீழே கேட்கத்தான் செய்யும், அதற்குப் புகார் எழுதிப் பயனில்லை.

அறைக்குள் போனதும் கட்டிலின் தலைமாட்டுச் சுவரை முழங்கால் உயரத்தில் தொட்டுப் பாருங்கள். சில்லென்று ஈரம் தட்டினாலோ, விரலில் வெள்ளைத் தூள் ஒட்டினாலோ, ஆஸ்துமா உள்ளவர்கள் வேறு அறை கேட்பது நல்லது. ஊதுபத்தியும் நறுமணத் தெளிப்பானும் தூக்கலாக மணந்தால் பூஞ்சை வாசனையை மூடுகிறார்கள் என்று சந்தேகப்படலாம். குளியலறையில் இரண்டு வாளி தண்ணீரைக் கொட்டுங்கள். ஓரிரு நிமிடத்தில் வடியாமல் கதவுப் பக்கம் வந்தால் வாட்டம் தப்பு, அந்தத் தண்ணீர் இரவில் உங்கள் செருப்புக்கும் வரும், கட்டடத்தின் மரத்துக்கும் போகும். வரவேற்பில் சொல்லுங்கள், சொன்னால்தான் திருத்துவார்கள். வெண்டிலேட்டர் கயிறு வேலை செய்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். மாலையில் அதையும் எதிர் ஜன்னலையும் ஒரு மணி நேரம் திறந்துவிட்டு, கொசு வருமுன் மூடிவிட்டால் ஏசியைப் பாதி நேரம் போட்டால் போதும். இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று படுக்கும் முன் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள், அதன் கதவு பூட்டியிருந்தால் சாவி வந்து திறக்கும்வரை வரவேற்பை விட்டு நகராதீர்கள்.

இப்படிக்கு,
சுண்ணாம்புக் கட்டட வேலையில் இருக்கும் பொறியாளர்களும் கொத்தனார்களும்,
சத்துவாச்சாரி, வேலூர்.